மில்லுக்காரியின் மூக்கு

முத்துப்பேச்சி நின்றுகொண்டே தூங்குவாள் என்பது அகரத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. மாவு அரைக்க வந்தவர்கள் அவள் தலை தொங்குவதைப் பார்த்தால், "ஏ பேச்சி, டின்னு நெறைஞ்சு வழியுது பாரு" என்று ஒரு சத்தம் கொடுப்பார்கள். அவளும் முழித்து, டின்னை மாற்றி வைத்துவிட்டு, நான் எங்கே தூங்கினேன் என்று சாதிப்பாள். உழைக்கிற பொம்பளை, அசதியில் கண் சொருகுகிறது என்று ஊர் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. ஊருக்கு என்ன, எதற்கும் ஒரு முடிவு சொல்லிவிட்டால் நிம்மதி.

கார்த்திகை மாசத்தில் அமலராணி டீச்சர் கேப்பை அரைக்க வந்த அன்றைக்குத்தான் அந்த முடிவு பொய்யானது. தொட்டிக்குள் கேப்பையைத் தள்ளிக்கொண்டிருந்த முத்துப்பேச்சி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். முந்தானை பெல்ட்டுக்குள் போய்விட்டது. டீச்சர் பையைப் போட்டுவிட்டு ஓடி மெயின் சுவிட்சை இறக்கினார். அதற்குள் சேலை பாதி சுருண்டு, தோள்பட்டையில் தோல் வழன்று ரத்தம் கசிந்தது. முத்துப்பேச்சி கண்ணைத் திறந்து, "என்ன டீச்சர், கரண்டு போயிருச்சா?" என்று கேட்டாள்.

சேதி கேட்டுத் தோட்டத்திலிருந்து மண்வெட்டியோடு ஓடிவந்தான் தங்கமுத்து. அவன் முத்துப்பேச்சியின் புருசன். அதிர்ந்து பேசாத ஆள். டீச்சர் அவனிடம் கேட்டார்:

"இது அசதி இல்லைங்க. எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு. ராத்திரி கொறட்டை விடுவாங்களா?"

முத்துப்பேச்சிக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆம்பளை குறட்டை விட்டால் கேலியோடு போகும். பொம்பளை விட்டால் அது வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய சங்கதி. புருசன், "இல்லை" என்று சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தாள். தங்கமுத்து மறைக்கவில்லை.

"கொறட்டை கெடக்கு டீச்சர். அது கேட்டாத்தான் எனக்கு நிம்மதி. திடீர்னு நின்னு போகும் பாருங்க, அதுதான். நானும் எந்திரிச்சு உக்காந்து, இந்தா வரும் இந்தா வரும்னு பாத்துக்கிட்டே இருப்பேன். வராது. புடிச்சு உலுக்குனா, கெணத்துக்குள்ள முங்கிட்டு மேல வந்தவ மாதிரி ஒரு இழுப்பு இழுப்பா. பெறகு தூங்கிருவா. எனக்குத் தூக்கம் போயிரும்."

"எம்புட்டு நாளா?" என்று கேட்டது டீச்சர் இல்லை, முத்துப்பேச்சி.

"சுகன்யா பெறந்ததுக்குப் பெறகு" என்றான் அவன். சுகன்யா அவர்களுடைய ஒரே மகள். கட்டிக்கொடுத்து, அவளுக்கே ஒரு பிள்ளை இருக்கிறது.

திண்டுக்கல்லில் ஒரு டாக்டர், உடம்பெல்லாம் ஒயரை ஒட்டி ஒரு ராத்திரி தூங்கவைத்துப் பார்த்தார். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று போகிறது, மூளை பாதி ராத்திரி முழித்தே இருக்கிறது, அந்தக் கடனைத்தான் பகலில் தூங்கித் தீர்க்கிறீர்கள் என்றார். மருந்து மாத்திரை இல்லை. காற்றை அழுத்தி மூக்குக்குள் அனுப்புகிற ஒரு மிஷின். அதை முகத்தில் மாட்டிக்கொண்டு தினமும் தூங்க வேண்டும்.

அன்றைக்குச் சாயங்காலம் தங்கமுத்து மில்லுக்குள் போனான். மீட்டர் பலகையிலிருந்து, மில்லுக்குக் கரண்டு கொடுக்கிற பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"நீ ஒழுங்காத் தூங்குற வரைக்கும் இது எங்கிட்ட இருக்கட்டும். அரைக்க வேண்டியத நான் சாயந்தரம் வந்து அரைச்சுக்கிறேன்."

"ஒங்களுக்கு அரைக்கத் தெரியுமா?"

"தெரிஞ்சுக்கிறேன். மாசியில மொளகா வத்தல் சீசன் தொடங்குதுல்ல, கருப்பணன் மில்லக் குத்தகைக்குக் கேட்டுக்கிட்டே இருக்கான். கொடுத்துரலாம்னு பாக்குறேன்."

கிணறு வற்றிய வருசம், இனி தோட்டத்தை நம்பிப் பிழைக்க முடியாது என்று அவள் அடம்பிடித்து வைத்த மில் அது. எந்த வத்தலுக்கு எவ்வளவு காய்ச்சல் வேண்டும், மல்லியோடு எதைச் சேர்த்து அரைத்தால் கல் சூடேறாது என்று ஒவ்வொன்றாக அவளே பழகிக்கொண்டது. தாடிக்கொம்பிலிருந்துகூட அவள் கைப்பொடிக்கு ஆள் வரும். அதைத் தூக்கிக் கருப்பணன் கையில் கொடுப்பதா?

"மாசி பொறக்குற வரைக்கும் பொறுங்க. அந்த மிசின மாட்டிக்கிட்டு நான் தூங்கிக் காட்டுறேன். காட்டலேன்னா நீங்க யாருக்கு வேணாலும் கொடுங்க, நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

"சரி" என்றான் தங்கமுத்து.

மார்கழியில் மிஷின் வந்தது. டவுனிலிருந்து அதைக் கொண்டுவந்து மாட்டிக்காட்டியவன் பெயர் பிரின்ஸ். பொறுமைசாலி. ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒரு நெளிநெளிக் குழாய், குழாய் நுனியில் மூக்கைக் கவ்வுகிற ரப்பர், அதைத் தலையோடு கட்ட வார். "பொட்டிய நல்ல காத்தோட்டமான எடத்துல வைங்க, துணி கிணி போட்டு மூடிராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவர்கள் படுக்கிற உள்ரூமுக்கு ஒரு பக்கம் முன்வீடு, ரெண்டு பக்கம் பக்கத்து வீட்டுச் சுவர்கள், நாலாவது பக்கம் மில் கொட்டகை. காற்று எங்கிருந்து வரும்? தங்கமுத்து யோசித்தான். மறுநாளே உளியை எடுத்து மில் பக்கத்துச் சுவரில் நாலைந்து செங்கலைப் பெயர்த்து ஜன்னல் போல ஒரு ஓட்டை போட்டான். அதற்கு நேர் கீழே பலகை அடித்து மிஷினை உட்காரவைத்தான். பெண்டாட்டிக்குப் போகிற மூச்சு, தாராளமாகப் போகட்டும் என்று நினைத்தான் பாவம்.

மாட்டிக்கொண்டு படுத்தால் அதற்கப்புறம்தான் கூத்து. மூஞ்சியில் யாரோ கையை வைத்து அமுக்குகிற மாதிரி இருந்தது. வார், கொண்டை மேல் ஏறி எண்ணெய்த் தலையில் வழுக்கிக்கொண்டு போனது. இறுக்கிக் கட்டினால் மூக்குத்தண்டில் காயம். தளர்த்தினால் காற்று பீறிக்கொண்டு கண்ணில் அடித்தது. காலையில் வாய் வறண்டு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது. வயிறெல்லாம் காற்று ஏறி, பச்சைத் தண்ணீர் குடிக்கும் முன்பே கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவள் மாதிரி ஏப்பம் விட்டாள். பாதி ராத்திரியில் மூச்சு முட்டுகிறதென்று பிடுங்கி எறிந்துவிட்டு உட்கார்ந்து அழுததும் உண்டு. அழுது முடித்து மறுபடி எடுத்து மாட்டிக்கொள்வாள்.

முகத்துக்குப் பழகட்டும் என்று பகலிலும் மாட்டிக்கொண்டாள். வாசலில் உட்கார்ந்து, தும்பிக்கை மாதிரி குழாய் தொங்க, முறம் நிறையச் சின்ன வெங்காயம் உரித்தாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வராமல் வெங்காயம் உரிக்க நல்ல வழி கண்டுபிடித்திருக்கிறாள் என்று ஒருத்தி சொன்னதற்கு, அவளும் ரப்பருக்குள்ளேயே சிரித்தாள். கொண்டையை விட்டுத் தாழப் பின்னல் போட்டாள். படுக்கும் முன் தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தினாள். ஒவ்வொரு தொந்தரவாக மல்லுக்கு நின்று அடக்கிக்கொண்டே வந்தாள். காற்று மட்டும் ஒரு பக்கமாகக் கசிந்துகொண்டே இருந்தது.

பிரின்ஸ் வந்து பார்த்துவிட்டுத் தயங்கினான்.

"அக்கா, மூக்குத்தி ரப்பரத் தூக்குதுக்கா. அந்தச் சந்துலதான் காத்து போகுது. கழட்டிட்டா நல்லது."

"கல்யாணத்துல போட்டது தம்பி" என்றான் தங்கமுத்து சட்டென்று. "எங்க பக்கம் அதக் கழட்டுறதுக்கு வேற அர்த்தம் இருக்கு."

"அந்த அர்த்தத்துக்கு நீங்க குத்துக்கல்லாட்டம் முன்னாடி நிக்கிறீங்களே, பெறகென்ன?" என்றாள் முத்துப்பேச்சி.

"ஊரு பேசும் புள்ள."

"பேசட்டும். நான் மூச்சடைச்சுச் செத்தாலும் மூக்குத்தியக் கழட்டிட்டுத்தான் குழிக்குள்ள எறக்குவாக. அத இன்னைக்கே கழட்டுனா என்ன கொறஞ்சு போச்சு?"

திருகு இறுகிப்போயிருந்தது. சோப்புத் தண்ணீர் விட்டு, செத்த நேரம் ஊறவைத்து, அவளே பல்லைக் கடித்துக்கொண்டு திருகி எடுத்தாள். சாமி படத்துக்கு முன்னால் இருந்த குங்குமச் சிமிழுக்குள் போட்டாள். கண்ணாடியில் பார்த்தபோது வேறு யாரோ போல இருந்தது. துக்கமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்வானேன்.

இத்தனைக்கும் பிறகு காற்று கசியவில்லை. ஆனால் எரிச்சல் ஒன்று மிச்சம் இருந்தது.

மாட்டிப் படுத்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மூக்கு எரியும். தொண்டை எரியும். விடியும்போது மூக்கடைத்து, சிந்தினால் ரத்தக்கோடு வரும். பிரின்ஸ் ரப்பரை மாற்றிக் கொடுத்தான். காற்று ஈரமாக வருவதற்காகப் பெட்டிக்குள் இருந்த தண்ணீரின் சூட்டைக் கூட்டி வைத்தான். டாக்டர் மூக்குக்குச் சொட்டு மருந்து எழுதினார்.

"வீட்ல தூசி, பொகை எதுவும் உண்டாம்மா?" என்று அவர் கேட்டார்.

"தூசியே கெடையாது சார். நான் தெனம் ரெண்டு தடவ கூட்டுறவ" என்றாள் முத்துப்பேச்சி. அடித்துச் சத்தியம் பண்ணியிருப்பாள்.

அவள் பொய் சொல்லவில்லை. தெருப் புழுதி தூசி. தவிடு தூசி. வத்தல் பொடி எப்படித் தூசியாகும்? அது சரக்கு. மில்லுக்கு வருகிறவர்கள் வாசலிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்துவார்கள். அவளும் தங்கமுத்துவும் அந்த நெடிக்குள்ளேயே சோறு தின்று, அந்த நெடிக்குள்ளேயே படுத்து எழுந்தவர்கள். அவர்கள் மூக்குக்கு அது காற்று மாதிரி ஆகிப்போயிருந்தது.

தை பிறந்தது. சாயங்காலம் தோறும் தங்கமுத்து பீஸ் கட்டையைப் போட்டு மில்லை ஓட்டினான். பொடி திரிதிரியாக விழுந்தது. "குழம்புல வத்தல் தோலு மெதக்குது" என்று ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போனார்கள். அவள் உள்ரூமில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டு, கல்லை இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும் என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். எழுந்து போகவில்லை. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவள்.

ஒரு நாள் காலையில் சிந்திய துணியில் ரத்தம் கூடுதலாக இருப்பதைத் தங்கமுத்து பார்த்துவிட்டான்.

"போதும் புள்ள. ஒனக்கு ஒத்துக்கிறல. மிசினத் திருப்பிக் கொடுத்துருவோம். நான் எப்பயும் போல முழிச்சுக் கெடந்து பாத்துக்கிறேன். மில்லக் கருப்பணன் பாக்கட்டும்."

"நீங்க எத்தன காலத்துக்கு முழிச்சுக் கெடப்பீக?"

"இருக்குற வரைக்கும்."

"மாசி இன்னும் பொறக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கப் போனாள்.

அந்த வாரம் பேத்திக்குப் பழனியில் மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். மகள் கட்டிப்போன ஊர் ஆயக்குடி. கொய்யாத் தோப்புக்கு நடுவில் வீடு. தங்கமுத்து விசேசம் முடிந்ததும் மாடு கன்றைப் பார்க்கத் திரும்பிவிட்டான். முத்துப்பேச்சியை மகள் விடவில்லை. மிஷினை வைத்துவிட்டு வரச்சொல்லித் தங்கமுத்து சொல்லியிருந்தும், அவள் அதைத் துணிப்பையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறியிருந்தாள்.

அவள் அதை மாட்டுவதைப் பார்த்து சுகன்யாவின் மாமியார் மிரண்டுபோனார்.

"ஏனுங்க சம்பந்தி, இதென்னங்க ஆஸ்பத்திரியாட்டம்? உசுருக்கு ஒண்ணும் இல்லீங்களே?"

"உசுரு போகாம இருக்கத்தான் சம்பந்தி இது. பயப்படாமப் படுங்க."

ஜன்னல் திறந்திருந்தது. தோப்புப் பக்கமிருந்து பழுத்த கொய்யா வாசம் வந்தது. எரிச்சல் எப்போது தொடங்கும் என்று காத்துக்கிடந்தாள். காத்துக்கிடந்ததுதான் அவளுக்குக் கடைசியாக ஞாபகம்.

கண்ணைத் திறந்தபோது வெயில் காலில் விழுந்திருந்தது. சுகன்யா பக்கத்தில் உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, எம்புட்டு நேரம் தூங்குவ? எனக்குப் பயமாப் போச்சு."

முத்துப்பேச்சி எழுந்து உட்கார்ந்தாள். தலை கனமாக இல்லை. கண்ணுக்குள் மணல் இல்லை. துணியில் சிந்திப் பார்த்தாள், ரத்தம் இல்லை. முற்றத்தில் மருமகன் சிவபிரகாஷ் கொய்யாக்காய்களைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். இவளும் போய் உட்கார்ந்தாள். மத்தியானம் வரை அடுக்கினாள். ஒரு கொட்டாவி இல்லை.

"நீங்க போயி ஓய்வெடுங்க அத்தை" என்று மருமகன் சொன்னான்.

"ஓய்வா? எனக்கு இன்னொரு தோப்பையே பறிச்சுப் போடலாம் போல இருக்குய்யா" என்றாள். அவளுடைய இளவயசு உடம்பு இப்படித்தான் இருந்தது என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. மற்றவர்களெல்லாம் தினமும் இப்படித்தான் எழுந்திருக்கிறார்களா என்று நினைத்ததும் அழுகையாக வந்தது. அடுத்த ராத்திரியும் அப்படியே தூங்கினாள், அதற்கடுத்த ராத்திரியும். மகள் வீட்டு மெத்தைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஊர் திரும்பியபோது சாயங்காலம். மில் ஓடிக்கொண்டிருந்தது. தங்கமுத்து வத்தல் அரைத்துக்கொண்டிருக்க, நாலைந்து பேர் டின்னோடு நின்றார்கள். முத்துப்பேச்சி தன் வாசற்படியில் கால் வைத்தாள்.

தும்மினாள்.

ஒன்றல்ல, அடுக்கடுக்காக. கண்ணில் நீர் கொட்டியது. படியைப் பிடித்துக்கொண்டு நின்று தும்மினாள். டின்னோடு நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இந்தா, மில்லுக்காரிக்கே தும்மலாம்ல! ஆயக்குடி போயிட்டு வந்து பெரிய எடத்துப் பொம்பளையாயிட்டா!"

அவள் சிரிக்கவில்லை. மூக்கைத் துடைத்தபடி அப்படியே நின்றாள். எத்தனையோ வருசமாக இந்த வாசலில் அவள் தும்மியதில்லை. ஊருக்குப் போய்வந்த கொஞ்ச நாளில் மூக்கு பழசை மறந்துவிட்டு, இங்கே என்ன இருக்கிறதோ அதை அப்படியே சொல்லிவிட்டது.

விடுவிடுவென்று உள்ரூமுக்குப் போனாள். அங்கே தும்மல் இன்னும் பலமாக வந்தது. புருசன் பெயர்த்த ஓட்டையில் மில்லின் சத்தத்தோடு செந்நிறமாய் ஒரு புகை சன்னமாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. பலகையில் விரலை வைத்து இழுத்தாள். விரல் சிவந்தது. பையிலிருந்து மிஷினை எடுத்துத் திருப்பினாள். பின்பக்கம் ஒரு சின்ன மூடி. பிரின்ஸ் காட்டியிருந்தான், மாசம் ஒரு தடவை துடைக்கச் சொல்லியிருந்தான். காற்று சும்மாதானே போகிறது என்று அவள் மறந்தே போயிருந்தாள். நகத்தால் நெம்பினாள். உள்ளே வெள்ளையாக இருந்த பஞ்சு செங்கல் நிறத்தில் இருந்தது. மூக்கருகில் கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லை.

மில் நின்று, ஆட்கள் போனபிறகு தங்கமுத்துவைக் கூப்பிட்டாள்.

"இது என்ன ஓட்டை?"

"நான்தான மிசினுக்குக் காத்து வேணும்னு போட்டேன்."

"எந்தக் காத்து?"

அவன் ஓட்டையைப் பார்த்தான். அவள் நீட்டிய பஞ்சைப் பார்த்தான். வாங்கித் தடவினான். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"சாயந்தரம் சாயந்தரம் நானே அரைச்சு... ராத்திரி பூரா ஒனக்கு வத்தப்பொடிய ஊட்டிருக்கேனா புள்ள?"

அவன் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவளுக்கு வந்த கோபம் வந்த வழியே போய்விட்டது. இந்த மனுசன் ஓட்டை போட்டதும் அவள் மூச்சுக்காக. பீஸ் கட்டையைப் பிடுங்கியதும் அவள் மூச்சுக்காக.

"டாக்டரு தூசி இருக்கான்னு கேட்டாரு. இல்லவே இல்லேன்னு சொன்னது நான்தான். தப்புல எனக்கும் பங்கு இருக்கு. உக்காந்திருந்தது போதும். எந்திரிங்க, செங்கல எடுத்துட்டு வாங்க."

அன்றைக்கே ஓட்டையை அடைத்தார்கள். அவள் சிமெண்டு குழைத்துக் கொடுக்க, அவன் சந்து விடாமல் பூசினான். படுக்கையைத் தெருப்பக்கம் ஜன்னல் இருக்கிற முன்வீட்டுக்கு மாற்றினார்கள். பிரின்ஸ் பஞ்சை மாற்றிவிட்டு, பழையதை டவுன் ஆட்களுக்குக் காட்டவேண்டும் என்று ஒரு காகிதத்தில் பொதிந்து கொண்டுபோனான். போகிற வழியெல்லாம் தும்மியிருப்பான்.

அவள் தூங்கினாள். எரிச்சல் குறைந்து, ஒருநாள் இல்லாமலே போயிற்று. ஆனாலும் தங்கமுத்து பீஸ் கட்டையைத் தரவில்லை. மாசி பிறக்கட்டும் என்றான். ரெண்டு நாள் கழித்துத்தான் உள்ளதைச் சொன்னான்.

"முன்னக் கொறட்டையாவது கேக்கும். உசுரோட இருக்கான்னு தெரியும். இப்ப புஸ்ஸுன்னு காத்துச் சத்தம் மட்டும் வருது. மூச்சு அதா, நீயான்னு தெரியல. தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே விடிஞ்சுருது."

"நல்லா வந்துச்சு போங்க. எனக்கு நோவு போயி ஒங்களுக்கு வந்துருச்சு" என்றாள். சொல்லிவிட்டு அவன் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். "இது ஏறி எறங்குதா? மிசினா இத ஏத்தி எறக்கும்? கைய இப்படியே வச்சுக்கிட்டுக் கண்ண மூடுங்க."

மாசி முதல் நாள் அவள் விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் வந்திருந்தது. மாடு கத்திக்கொண்டிருந்தது. எப்போதும் அவளுக்கு முன்னால் எழுந்து, அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனைக் காணோம். திரும்பினாள். பக்கத்திலேயே கிடந்தான். வாய் லேசாகத் திறந்து, கை அவள் வயிற்றிலிருந்து நழுவிப் பாயில் விழுந்து, பிள்ளை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தான். கல்யாணமாகி முதன்முதலாக அவன் தூங்கி அவள் பார்க்கிறாள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மெல்ல வாரைக் கழற்றினாள். ரப்பரைக் கழுவி நிழலில் காயப்போட்டாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். ஆணியில் தொங்கிய சட்டைப் பையில் கையை விட்டு பீஸ் கட்டையை எடுத்துக்கொண்டாள். கேட்கவில்லை. கேட்பதற்கு அவனை எழுப்ப வேண்டுமே.

மில் வாசலில் வத்தல் மூட்டையோடு ஏற்கெனவே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து, மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டினாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். கட்டையைப் போட்டு, கல்லை ஒரு சுற்று இறக்கி, சுவிட்சை மேலே தள்ளினாள். தரை அதிர்ந்தது. முதல் பிடி பொடியை விரலுக்கிடையில் உரசிப் பார்த்தாள். சன்னமாக இருந்தது.

கருப்பணன் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். முதலில் மில்லைப் பார்த்தான், அப்புறம் துண்டு கட்டிய முகத்தைப் பார்த்தான்.

"என்னக்கா, நீ ஓட்டுற? அண்ணன் இன்னைக்குக் குத்தகை பேச வரச்சொன்னாரு. ஆளு எங்க?"

"தூங்குறாருய்யா."

"இந்த நேரத்துலயா? இம்புட்டுச் சத்தத்துலயா? எழுப்பு, பேசி முடிச்சுருவோம்."

முத்துப்பேச்சி தொட்டிக்குள் வத்தலைத் தள்ளிக்கொண்டே தலையைத் திருப்பினாள்.

"குத்தகையும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. நீ போயிட்டு வா. அந்த மனுசன் சுகன்யா பெறந்ததுலருந்து தூங்கல. யாரும் எழுப்பக் கூடாது."